ஈரம் இருந்தால் போதுமா?

தை மாதத்தில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் தாலுகாக்களில் சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போதே, அதன் தாள்களுக்கிடையே உளுந்தை வீசி விதைத்துவிடுவது நெடுநாளாக நடந்துவரும் வழக்கமாகும். மேட்டூர் அணை சாதாரணமாக ஜூன் 12-இல் திறக்கப்பெற்று ஜனவரி 28-இல் மூடப்படுவதாகையால், இவ்வுளுந்துக்கு வாய்க்கால் தண்ணீரை நம்பியிருப்பதற்கில்லை. வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் ஓய்ந்துவிடும். நெல்லுக்குப் பாய்ந்து மண்ணில் தங்கிய ஈரமே அதற்கு 70, 75 நாள் வரையில் ஆதாரமாகும். ஆகவே, விதைக்கும் நாளில் வயலில் எவ்வளவு ஈரம் உள்ளது, அதில் எவ்வளவு பயிருக்குக் கிட்டும் என்னும் கேள்வி, நமது பக்கத்துக் குடியானவருக்கு ஒரு முழுப் போகத்தின் வரவு செலவைத் தீர்மானிப்பதாகும்.

இக்கேள்விக்கு விடை காணும் சாஸ்திரம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. அதைக் கொண்டு கணக்கிடுவதற்கு வேண்டிய எண்கள் மட்டும் குடியானவர் கைக்கு எட்டவில்லை. பிற தேசத்து மண்ணின் சராசரியை இரவல் வாங்கிக் கணக்கிடுவதைவிட, நமது மண்ணை நாமே அளந்து, அந்த எண்களைக் கிராமந்தோறும் கிடைக்கச் செய்வதே முறை என்பது எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை மிராசுதாரர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் சீர்தூக்கிப் பார்க்கும் பொருட்டு இங்கே எடுத்துரைக்கிறோம்.

மண் நீரைப் பிடிக்கும் விதம்

அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதையும், வேட்டியின் நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுவதையும் யாவரும் கண்டிருக்கலாம். குழாய் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் அதில் ஏறும். மண்ணும் இத்தகைய நுண்துளைகளின் கூட்டமே. மழை பெய்து ஓய்ந்தபின் பெருந்துளைகளிலுள்ள நீர் தன் பாரத்தாலேயே கீழே வடிந்துவிட, அவ்விடத்தில் காற்று புகும். சிறுதுளைகளிலும் மண் துகள்களின் மேலும் ஒட்டிய நீர் மட்டும் தங்கும். துளைகளில் நீரும் காற்றும் கலந்து நிற்கும் இந்த நிலையில்தான், நெல் நீங்கலாக, நமது பயிர்களிற் பெரும்பாலானவை வளர்கின்றன.

தங்கிய நீரை மண் சும்மா வைத்துக்கொண்டிருப்பதில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேர் அதைவிட வலுவாக இழுத்தாலன்றி ஒரு சொட்டும் கிடைக்காது. இந்தப் பிடிப்பைப் 'பார்' என்னும் அலகால் அளக்கிறார்கள். 1 பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். நன்றாக நனைந்து, மிகுநீர் வடிந்து, இரண்டு மூன்று நாள் ஆன வயலில் பிடிப்பு சுமார் மூன்றில் ஒரு பார் இருக்கும். மணற்பாங்கான பூமியில் இன்னும் குறைவு. அந்நிலையில் மண்ணில் உள்ள ஈரத்தை வயற்கொள்ளளவு என்பர். ஈரம் குறையக் குறையப் பிடிப்பு ஏறிக்கொண்டே போகும். அது சுமார் 15 பாரை எட்டும்போது, பெரும்பாலான பயிர்கள் இரவின் குளிர்ச்சியிலும் தலை நிமிராமல் வாடிவிடும். இதுவே வாடுநிலை. மூன்றில் ஒரு பார் பிடிப்பில் நீர் தங்கும் துளையின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரில் 100-இல் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 15 பாரிலோ 5,000-இல் ஒரு பங்கு.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குரிய நீராகும். வாடுநிலைக்குப் பின் மண்ணில் எஞ்சி நிற்பது, சாவி தொலைந்த பத்தாயத்திலுள்ள நெல்லைப் போன்றது. உள்ளே இருந்தும் உலைக்கு உதவாது.

அளவு வேறு, பிடிப்பு வேறு

ஈரத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, பிடிப்பையே முதலில் பார்க்கவேண்டும் என்பதை 1907-இல் அமெரிக்காவின் மண் ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த எட்கர் பக்கிங்ஹாம் என்பவர் கணித முறையில் எடுத்துக்காட்டினார். அந்நாட்டிலேயே பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்னும் இருவர் பலவகைப் பயிர்களை வைத்துப் பரீக்ஷித்து, எந்த அளவு ஈரத்தில் பயிர் வாடும் என்பதைப் பயிரின் ஜாதியைவிட மண்ணின் ஜாதியே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்று 1912-இல் வெளியிட்டனர்.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் காண்போம். அமெரிக்க மண்களைப்பற்றி 1982-இல் ரால்ஸ் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் தொகுத்த சராசரியின்படி, 100 கனஅளவு களிமண்ணில் வயற்கொள்ளளவில் சுமார் 40 பங்கு நீரும், வாடுநிலையில் சுமார் 27 பங்கு நீரும் இருக்கும். மணல் கலந்த வண்டலிலோ, வயற்கொள்ளளவில் சுமார் 21 பங்கும், வாடுநிலையில் சுமார் 10 பங்கும் இருக்கும். களிமண்ணில் 27 பங்கு நீர் இருக்கும்போது பயிர் சாகிறது. மணல் வண்டலில் 21 பங்கு நீர் இருக்கும்போது பயிர் செழிக்கிறது! இவ்விரண்டு மண்ணையும் ஒட்டவைத்தால், நீர் அதிகம் உள்ள களிமண்ணிலிருந்து மணல் வண்டலுக்கு நீர் செல்லாது. குறைவாக உள்ள மணல் வண்டலிலிருந்தே களிமண்ணுக்குச் செல்லும். மேலும், பயிருக்குரிய நீர் என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொற்பமே. கையில் எடுத்தால் ஈரம் தெரிகிறதே என்று களிமண்ணை நம்பிக் காத்திருப்பவர் ஏமாறுவது இதனாற்றான்.

கணிதம் செய்த உதவி

ஒவ்வொரு மண்ணுக்கும், ஈரம் இவ்வளவு இருந்தால் பிடிப்பு இவ்வளவு என்று காட்டும் ஒரு வளைகோடு உண்டு. அதனைச் சோதனைச் சாலையில் அழுத்தத் தட்டுக் கருவியைக் கொண்டு வரைகிறார்கள். நனைந்த மண்ணை நுண்துளைத் தட்டின் மேல் வைத்து, மேலிருந்து காற்றழுத்தம் கொடுத்து, ஒவ்வோர் அழுத்தத்திலும் எவ்வளவு நீர் வெளியேறி எவ்வளவு தங்குகிறது என்று நிறுத்துப் பார்ப்பதே முறை. ஓரளவு ஈரமுள்ள மண்ணில் நீர் எவ்வாறு நகரும் என்பதற்குரிய சமன்பாட்டை ரிச்சர்ட்ஸ் என்பவர் 1931-இல் அமைத்தார். 1980-இல் வான் கெனுக்டென் என்பவர், முழு வளைகோட்டையும் நான்கே எண்களில் அடக்கும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். மண் நிறைய நனைந்தபோது கொள்ளும் நீர், எவ்வளவு காய்ந்தும் விடாத நீர், பெருந்துளைகள் காலியாகத் தொடங்கும் பிடிப்பைக் குறிப்பது, அதன்பின் ஈரம் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைக் குறிப்பது ஆகியவையே அந்நான்கு. இன்று நனைந்த வயல் எத்தனை நாளில் எந்த ஆழத்தில் எவ்வளவு காயும் என்பதைக் கணக்கிட இவை உதவும்.

இக்கணக்கு மற்றொன்றையும் தெரிவிக்கிறது. மண் காயும்போது நீரின் அளவு கொஞ்சம் குறைந்தாலும், நீர் நகரும் வேகம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. நனைந்த மண்ணில் நீர் வேரைத் தேடி வரும். காய்ந்த மண்ணில் வேர்தான் நீரைத் தேடிச் செல்ல வேண்டும். ஆகையால், மேல்மண் காய்வதற்கு முன் உளுந்தின் வேர் கீழே இறங்கிவிட வேண்டும். அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதைக்கவேண்டும் என்னும் சிபார்சின் உட்பொருள் இதுவே. பனியிலேயே உளுந்து விளையும் என்று சிலர் சொல்வதுண்டு. ஓர் இரவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பனி படிவது அரிது. பனி இலையைக் குளிர்விக்கலாம். வேரின் தாகத்தை அது தீர்க்காது.

இரவல் எண்களின் அபாயம்

சூத்திரம் எல்லாத் தேசத்துக்கும் பொது. அதில் இடும் எண்கள் பொதுவல்ல. மேலே கூறிய 1982-ஆம் வருஷத்துச் சராசரியின்படி, களிமண்ணில் பயிருக்குரிய நீர் 100-க்குச் சுமார் 12 பங்கு. அதே தேசத்தில் 1988-இல் கார்செல், பாரிஷ் என்பவர்கள் வெளியிட்ட வேறொரு சராசரியை வான் கெனுக்டென் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், வயற்கொள்ளளவு சுமார் 35, வாடுநிலை 27, பயிருக்குரியது 8 பங்கு மட்டுமே என்று கிடைக்கிறது. வேர் 30 சென்டிமீட்டர் ஆழம் சென்றுள்ளதாகவும், பயிரும் வெயிலும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீரைச் செலவிடுவதாகவும் வைத்துக்கொள்வோம். முதற்கணக்கின்படி 36 மில்லிமீட்டர் நீர். 9 நாளைக்கு வரும். இரண்டாம் கணக்கின்படி 24 மில்லிமீட்டர். 6 நாளைக்கே வரும். இரண்டுக்கும் களிமண் என்றே பெயர். பூ எடுக்கும் தருணத்தில் மூன்று நாள் பிசகினால் உளுந்து என்னவாகும் என்பதைக் குடியானவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அன்றியும், அந்தச் சராசரிகள் நமது நஞ்சையைப்போல் ஆண்டுதோறும் சேறடித்து நாற்று நட்ட மண்ணைக் குறித்து எழுந்தவை அல்ல. சேறடிப்பதால் மண் கட்டிகள் கரைந்து, பெருந்துளைகள் மறைந்து, கீழே ஒரு கெட்டிப் படிவம் ஏற்படுகிறது. நமது களிமண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு: காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேற்கண்ட சூத்திரங்களோ, ஈரம் குறைந்தாலும் மண்ணின் உருவம் மாறாது என்று வைத்துக்கொண்டு அமைந்தவை. வெடிப்பின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகிப் போவதை அவை கணக்கில் கொள்வதில்லை. பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய கடலோரப் பகுதிகளில் உப்பும் சேர்ந்து வேருக்கு எதிராக இழுக்கிறது. அங்கே ஈரம் இருந்தும் பயிர் வாடும். கணிதத்தைக் குறைகூறுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நமது வயலில் அளந்து திருத்தாத கணிதம் நமக்கு உதவாது என்பதற்காகவே சொல்லுகிறோம்.

அறுவடை யந்திரமும் மெழுகுப் பதமும்

'எங்கள் பாட்டனார் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே விதைத்தாரே. இவ்வளவு கணக்கு எதற்கு?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பிடி மண் பரீக்ஷை நல்ல பரீக்ஷை. பிடிப்பைக் கையால் உணர்வதே அது. ஆனால் பாட்டனார் காலத்தில் வயலுக்கு ஒரே எஜமானர். அறுப்பவர் அரிவாளோடு எந்த ஈரத்திலும் இறங்கினார். இன்றோ பெரும்பாலும் அறுவடை யந்திரம் வருகிறது. யந்திரத்தைத் தாங்க மண் காய்ந்திருக்க வேண்டும். விதையைத் தாங்க மண் மெழுகாயிருக்க வேண்டும். முந்தி விதைத்தால் முளைத்த செடியை யந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் நசுக்குகிறது. பிந்தி விதைத்தால் மேல்மண் இறுகி விதை பதிவதில்லை. ஈரமான களியில் யந்திரத்தை ஓட்டினால், எஞ்சியுள்ள பெருந்துளைகளும் நசுங்கி வேருக்குக் காற்று குறைகிறது. இவ்விரு தேவைகளுக்கும் இடையே உள்ள நாட்கள் சிலவே. அவை எந்த மண்ணில் எத்தனை, நீரை வடித்த எத்தனையாம் நாளில் தொடங்கும் என்பதை வளைகோடும் வயற்பரீக்ஷையும் சேர்ந்து சொல்லக்கூடும். கை மட்டும் இதைச் சொல்லப் போதாது. ஏனெனில் கை இன்றைய பதத்தைச் சொல்லும்; ஐந்தாம் நாளின் பதத்தைச் சொல்லாது. யந்திரத்தையோ முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியிருக்கிறது.

மேட்டுப் பக்கத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. கடலூர் மணற்கல் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்ட படிவத்தின் மேல் அமைந்த பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பகுதிச் செம்மண் பூமிகளில் முந்திரியும் பலாவும் வேர்க்கடலையும் விளைகின்றன. மணல் மிகுந்த இடங்களில் ஒரே தடவையில் அதிக நீர் பாய்ச்சினால் மிகுதி வேரைத் தாண்டி இறங்கிவிடும். குறைந்த அளவை அடிக்கடி பாய்ச்சுவதே அங்கு மிச்சம். ஏரி வண்டல் அடித்தால் ஈரம் தங்கும் என்பது மெய்யே. ஆயினும், வண்டலில் களி மிகுந்திருந்தால் வயற்கொள்ளளவோடு வாடுநிலையும் உயர்கிறது. தங்கும் ஈரம் முழுவதையும் லாபமென்று கணக்கெழுதலாகாது.

செய்ய வேண்டியவை

2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தின்கீழ் 12 குணங்கள் சோதிக்கப்படுகின்றன. தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துக்கள், துத்தநாகம் முதலான ஐந்து நுண்சத்துக்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்பன அவை. உரம் இடுவதற்கு வேண்டிய யாவும் அதில் உள. நீரைப்பற்றி ஒரு வரியும் இல்லை. வயற்கொள்ளளவு, வாடுநிலை என்னும் இரண்டு எண்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது எமது முதல் வேண்டுகோள்.

ஒவ்வொரு வயலுக்கும் இதைச் செய்ய இயலாது. ஒவ்வொரு மாதிரிக்கும் பல நாள் பிடிக்கும், செலவும் ஆகும் என்று ஆட்சேபிக்கலாம். ஒவ்வொரு வயலுக்கும் தேவையில்லை. தழைச்சத்து ஒரு போகத்திலேயே மாறும். களியின் அளவு ஒரு தலைமுறையிலும் அதிகம் மாறாது. பிர்க்காவுக்குச் சில இடங்களில், மேல்மண்ணையும் 30, 60 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணையும் கலையாமல் எடுத்து அளந்து வைத்தால், நெடுங்காலம் உதவும். மாதிரி எடுக்கும் இடங்களைத் தெரிந்தெடுப்பதில் கிராம நிர்வாக அலுவலர்கள் பேருதவி செய்யலாம். அவர்கள் வசமுள்ள 'அ' பதிவேட்டில் மண் வயனமும் ரகமும் குறிக்கப்பெற்றிருக்கின்றன. தீர்வைக்காக ஏற்பட்ட பாகுபாடாயினும், எங்கே களி, எங்கே வண்டல், எங்கே மணல் என்று முதற்படியாக அறிய அது போதும்.

நிலையங்களுக்கும் நம்மிடம் குறைவில்லை. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பிரிவும், பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையமும், கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையமும், விருத்தாசலத்தில் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இவை தத்தம் பக்கத்து மண்ணைப் பங்கிட்டுக்கொண்டு அளந்து, சமன்பாடுகளாக அல்லாமல், 'இந்த மண்ணில் நனைத்தபின் இத்தனையாம் நாள் யந்திரம் இறக்கலாம், இத்தனை நாளுக்குள் விதைக்கலாம்' என்று நாட்கணக்காக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். சூத்திரம் சாஸ்திரிகளுக்கு; நாட்கணக்கு குடியானவருக்கு.

அதுவரை குடியானவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கரும்பும் காய்கறியும் பயிரிடுவோர் டென்ஷியோமீட்டர் என்னும் பிடிப்புமானியை வயலில் நட்டு வைக்கலாம். அது சுமார் 0.8 பார் வரையில்தான் காட்டும். ஆயினும் அப்பயிர்களுக்குப் பாய்ச்சும் தருணத்தை அறிய அவ்வளவு போதும். உளுந்து விதைப்போர் நீரை வடித்த நாள், விதைத்த நாள், யந்திரம் இறங்கிய நாள், வெடிப்புக் கண்ட நாள், செடி வாடக் கண்ட நாள் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வருஷந்தோறும் எழுதி வரலாம். வளைகோடு அச்சாகி வரும் நாளில் அதைச் சோதித்துத் திருத்த இக்குறிப்புகளே உரைகல்லாகும்.

சோழர் காலத்து வீராணம் ஏரியும், 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தில் எழுந்த கீழணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் நமக்குக் கிடைத்த நீர்க் களஞ்சியங்கள். அவற்றின் கொள்ளளவும் அன்றாட மட்டமும் பத்திரிகைகளில் வெளியாகின்றன. நம் ஒவ்வொருவர் காலடியிலும் உள்ள களஞ்சியமாகிய மண்ணின் கொள்ளளவை மட்டும் நாம் அறியாமலிருப்பது முறையன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு கோரிக்கையாக எழுதித் தீர்மானம் செய்து, தாலுகா வேளாண்மை அலுவலகத்துக்கு அனுப்புமாறு மிராசுதாரர்களையும் கிராம அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.